டோஃபினே பந்தயத்தின் வரலாறு: எங்கிருந்து தொடங்குவது?

சைக்கிள் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஜூலை மாதத்து டூர் தெ பிரான்ஸ்தான். அதற்குச் சில வாரங்கள் முன்னால், ஜூன் மாதத்தில், பிரான்சின் தென்கிழக்கு மலைகளில் இன்னொரு பந்தயம் நடக்கும். வழக்கமாக எட்டு நாள். கிரித்தேரியம் து டோஃபினே என்பது பல ஆண்டுகள் வழங்கிய பெயர். ரசிகர்களுக்கு வெறும் டோஃபினே. 1947இல் தொடங்கியது, 2025 வரை 77 முறை நடந்திருக்கிறது. மலை ஓட்டத்தை நேசிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். மூன்று வார டூரில் சலிப்பான நாட்கள் நிறைய உண்டு. எட்டு நாளில் அதற்கெல்லாம் இடமில்லை.

இதன் வரலாற்றுக்குள் நுழைய நினைப்பவர்கள் முதலில் தேடி எடுப்பது வென்றவர்களின் பட்டியலை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். எழுபதுக்கு மேற்பட்ட வரிகள், பாதிப் பேர் யாரென்றே தெரியாது, ஒன்றும் மனதில் தங்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை பெயர்கள் தாமாக வந்து தங்கள் மலைகளில் உட்கார்ந்துகொண்டன. அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது பல நாள் பந்தயம். ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களிலும் ஒரு வீரர் எடுத்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள்; கடைசி நாளில் யாருடைய மொத்த நேரம் குறைவோ அவர் வென்றார். ஒரு நாள்கூட முதலாவதாக வராமலேயே பந்தயத்தை வெல்லலாம். இந்த ஒன்று புரியாவிட்டால் மீதி எதுவும் புரியாது.

அடுத்தது காற்று. சமவெளியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கூட்டமாகப் போகும்போது முன்னால் இருப்பவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருபவர் அதிகம் சிரமப்படாமல் வருவார். அதனால் வலிமையானவரும் சுமாரானவரும் சேர்ந்தே வந்து முடிப்பார்கள், நேர வித்தியாசம் விழாது. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் காற்று பெரிய பொருட்டில்லை. தன் உடம்பின் எடையைத் தானே மேலே தூக்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். நிமிடக்கணக்கில் இடைவெளி விழுவது அங்கேதான். இன்னொன்று தனிநேர ஓட்டம்: ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு ஓடுவது, யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. பெரும்பாலான ஆண்டுகளில் டோஃபினேயைத் தீர்மானிப்பது இந்த இரண்டும்தான்.

ஏற்றங்களுக்கு 4 முதல் 1 வரை தரம் கொடுப்பார்கள். 4 லேசானது, 1 கடினமானது. அதையும் தாண்டியதை 'தரத்துக்கு அப்பால்' என்று வைப்பார்கள். கட்டத்தின் ஏற்ற இறக்கங்களைக் காட்டும் பக்கவாட்டுப் படத்தில் 8 சதவீதம் என்று போட்டிருந்தால், 100 மீட்டர் போவதற்குள் 8 மீட்டர் உயர்கிறோம் என்று பொருள். பத்து கிலோமீட்டர் தொடர்ந்து 8 சதவீதம் என்றால் ஆட்கள் சிதறுவார்கள்.

இரண்டாம் படி: வரைபடத்தை விரியுங்கள்

டோஃபினே என்பது பிரான்சின் பழைய மாகாணம் ஒன்றின் பெயர். இன்றைய இசேர், துரோம், மேல் ஆல்ப்ஸ் மாவட்டங்களை ஏறக்குறைய உள்ளடக்கியது. அதை ஆண்ட பிரபுக்கள் தங்களை 'டோஃபான்' என்று அழைத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லுக்கு டால்பின் என்று பொருள். கொடியிலும் அந்த டால்பின்தான். 1349இல் கடன் தொல்லையில் இருந்த இரண்டாம் உம்பேர் இந்த நிலத்தைப் பிரெஞ்சு அரச குடும்பத்துக்குக் கைமாற்றினார். அதிலிருந்து பிரான்சின் பட்டத்து இளவரசருக்கு 'டோஃபான்' என்ற பட்டம் வந்தது. மகுடத்துக்கு அடுத்து நிற்பவரின் பெயர் டூருக்கு முன்னால் வரும் பந்தயத்தில் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது பிடித்த தற்செயல்.

வரைபடத்தில் முதலில் கிரெனோபிள் நகரத்தைக் கண்டுபிடித்து ஒரு வட்டம் போடுங்கள். தட்டையான பள்ளத்தாக்கில் உட்கார்ந்திருக்கும் நகரம், சுற்றிலும் மலை. வடக்கே ஷார்த்ரூஸ் மலைத்தொகுதி: கிரானியே, குய்ஷெரோன், போர்த் என்ற மூன்று கணவாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உயரம் பெரிதில்லை, போர்த் 1326 மீட்டர்தான். ஆனால் காட்டுக்குள் குறுகிய சாலை, செங்குத்து, இறக்கம் ஆபத்தானது. தென்மேற்கே வெர்கோர் மலைகள். கிழக்கே போனால் பெரிய ஆல்ப்ஸ்: 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அல்ப் துயேஸ், 2067 மீட்டர் உயரக் குருவா தெ ஃபேர், 2642 மீட்டர் உயரக் கலிபியே. தெற்கே வெகு தூரத்தில், புரோவான்ஸ் சமவெளியில் தனியாக எழுந்து நிற்பது மோன் வாந்தூ, சுமார் 1910 மீட்டர். அது டோஃபினே மாகாணத்தைச் சேர்ந்ததல்ல. இருந்தாலும் பந்தயம் அதை எப்போதோ சுவீகரித்துக்கொண்டது.

இந்த ஆறேழு இடங்களையும் பென்சிலால் குறித்துவிட்டு மேலே படியுங்கள்.

மூன்றாம் படி: ஒரு நாளிதழின் கதை

1944 ஆகஸ்டில் கிரெனோபிள் ஜெர்மானியர் பிடியிலிருந்து விடுபட்டது. அடுத்த ஆண்டு அங்கே லெ டோஃபினே லிபேரே என்ற நாளிதழ் தொடங்கியது. விடுதலை பெற்ற டோஃபினே என்று பொருள். அதே நகரத்தில் வேறு நாளிதழ்களும் போட்டிக்கு இருந்தன, விற்பனையைக் கூட்ட வேண்டும். அதற்குப் பிரான்சில் பழகிய ஒரு வழி உண்டு: சைக்கிள் பந்தயம் நடத்துவது. டூர் தெ பிரான்ஸே 1903இல் அப்படி ஒரு பத்திரிகை தொடங்கியதுதான். இத்தாலியின் ஜீரோ பந்தயமும் அப்படித்தான். பந்தயம் ஊர் ஊராகப் போகும், ஜனங்கள் சாலையோரம் நின்று ஒரு நிமிடம் பார்ப்பார்கள், முழுக் கதையும் தெரிய வேண்டுமானால் மறுநாள் காலை பத்திரிகை வாங்க வேண்டும். தொலைக்காட்சி இல்லாத காலத்தில் இது கச்சிதமாக வேலை செய்தது.

1947இல் நடந்த முதல் பந்தயத்தை வென்றவர் எட்வர்ட் கிளபின்ஸ்கி, போலந்துக்காரர். அதே கோடையில் டூரிலும் ஓடினார், அங்கே ஓடிய முதல் போலந்து வீரர் அவரே. முதல் பெயரே வெளிநாட்டுப் பெயர் என்பதைக் கவனியுங்கள். உள்ளூர்ப் பந்தயமாக இருந்தும் இது தொடக்கத்திலிருந்தே வெளியாட்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது.

பின்னாளில் நாளிதழால் தனியாகச் சுமக்க முடியவில்லை. 2010இல் டூரை நடத்தும் அமோரி நிறுவனம் பொறுப்பேற்றது, அதுவரை பந்தயத்தின் பெயரிலும் இருந்த 'லிபேரே' போய்விட்டது. 2026 முதல் 'டோஃபினே'யும் போய், அந்த மண்டலத்தின் நிர்வாகப் பெயரான ஓவெர்ன்-ரோன்-ஆல்ப்ஸ் ஒட்டிக்கொண்டது. எனக்கு இதில் வருத்தம்தான். ஆனால் பழைய செய்திகளைத் தேடும்போது மூன்று பெயர்களிலும் தேட வேண்டும் என்பது உங்களுக்கு உதவும் தகவல்.

நான்காம் படி: மூன்று நாட்களை மட்டும் ஆழமாகப் படியுங்கள்

எல்லா ஆண்டுகளையும் படிக்க முயலாதீர்கள். மூன்று போதும்.

ஒன்று, 1965. ழாக் ஆங்க்தீல் அப்போதே டூரை ஐந்து முறை வென்றவர். ஆனாலும் பிரெஞ்சு மக்களுக்குப் பிடித்தவர் அவரிடம் தோற்றுக்கொண்டே இருந்த ரேமோன் புலிதோர். ஆங்க்தீலுக்கு இது உறுத்தியது. அவருடைய அணி மேலாளர் ரஃபாயேல் ஜெமினியானி ஒரு யோசனை சொன்னார்: டோஃபினேயை வென்று, அதே இரவில் தொடங்கும் பொர்தோ-பாரிஸ் பந்தயத்தையும் வெல்ல வேண்டும். அந்தப் பந்தயம் ஒரே மூச்சில் 550 கிலோமீட்டருக்கு மேல். டோஃபினே அவிஞ்ஞோனில் முடிந்தது. புலிதோர் இரண்டாவது. ஆங்க்தீல் குளித்து, சாப்பிட்டு, தனி விமானத்தில் பொர்தோ போய் இறங்கினார். நள்ளிரவுக்குப் பின் புறப்பாடு. இருட்டில், குளிரில், ஒரு நேரத்தில் முடியாது என்று இறங்கிவிடவே பார்த்தார். ஜெமினியானி அவருடைய தன்மானத்தைச் சீண்டிவிட்டு மறுபடி ஏற்றினார். மறுநாள் பாரிஸில் முதலாவதாக நுழைந்தபோது கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. ஐந்து டூர் வாங்கித் தராத அன்பை இந்த ஒன்று வாங்கித் தந்தது. வரைபடத்தில் அவிஞ்ஞோனிலிருந்து பொர்தோவுக்கும், பொர்தோவிலிருந்து பாரிஸுக்கும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.

இரண்டு, 1977. பெர்னார் இனோவுக்கு 22 வயது.  கிரெனோபிளில் முடியும் கட்டத்தில், நாம் குறித்து வைத்த போர்த் கணவாயிலிருந்து தனியாக இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் சாலையை விட்டு விலகிப் பள்ளத்துக்குள் விழுந்தார். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆள் திடீரென்று திரையிலிருந்து மறைந்துவிட்டார். மரம் தடுத்ததால் பிழைத்து, மேலே ஏறி வந்து, வேறு சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினார். இன்னும் ஒரு சோதனை மீதி இருந்தது: நகரத்துக்கு மேலே பஸ்தீல் கோட்டைக்குப் போகும் செங்குத்துச் சாலை. விழுந்த அதிர்ச்சி அப்போதுதான் உடம்பில் இறங்கியது போல, பாதியில் இறங்கிச் சில மீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தார். அப்புறம் ஏறி உட்கார்ந்து, அந்தக் கட்டத்தையும் பந்தயத்தையும் வென்றார். அடுத்த ஆண்டு அவருடைய முதல் டூர், மொத்தம் ஐந்து வென்றார். அவர் எப்படிப்பட்டவர் என்று பிரான்ஸ் தெரிந்துகொண்டது இந்த இறக்கத்தில்தான்.

மூன்று, 2014. கடைசி நாள் காலையில் அல்பெர்தோ கொண்டடோர் முதலிடம், கிறிஸ் ஃப்ரூம் இரண்டாவது. அமெரிக்கரான ஆண்ட்ரூ டலான்ஸ்கி 39 விநாடி பின்னால் மூன்றாவது. மெஜேவிலிருந்து கூர்ஷெவேலுக்கு, 130 கிலோமீட்டர் அளவிலான சிறிய மலைக்கட்டம். பெரியவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். டலான்ஸ்கி தொடக்கத்திலேயே பிரிந்து போன ஒரு கும்பலோடு ஒட்டிக்கொண்டார். ஆபத்து புரிந்தபோது கொண்டடோருக்கு உதவ அணியில் ஆள் இல்லை, தனியாகவே துரத்தினார். டலான்ஸ்கி 27 விநாடியில் பந்தயத்தை வென்றார். எட்டு நாளில் ஒரு கட்டம்கூட அவர் முதலாவதாக முடிக்கவில்லை. முதல் படியில் சொன்னதை இப்போது திரும்பிப் பாருங்கள். அதே ஜூலையில் டூரில் அவர் பலமுறை விழுந்து, முதுகுவலியோடு சாலையோரம் உட்கார்ந்து, மறுபடி எழுந்து, அன்றைய கட்டத்தைக் கடைசி ஆளாக முடித்தார், மறுநாள் புறப்படவில்லை. அவருடைய வாழ்க்கையின் பெரிய நாள் ஜூனில்தான் இருந்தது.

ஐந்தாம் படி: இப்போது பட்டியலை எடுங்கள்

2025 வரை யாரும் நான்கு முறை வென்றதில்லை. மூன்று முறை வென்றவர்கள் ஐந்து பேர்: நெல்லோ லோரெதி, லூயிஸ் ஒகான்யா, இனோ, ஷார்லி மோத்தே, ஃப்ரூம். இவர்களில் லோரெதியும் மோத்தேயும் டூரை வென்றதே இல்லை. அதுவும் நல்ல அறிகுறி, டோஃபினேவுக்குச் சொந்த வீரர்கள் உண்டு.

1967, 1968 ஆண்டுகளில் பந்தயம் நடக்கவில்லை. 1984இல் நின்று பாருங்கள்: மார்த்தீன் ரமீரெஸ், கொலம்பியா. ஐரோப்பாவில் பெயரே கேள்விப்படாத ஓர் இளைஞர் இனோவைத் தோற்கடித்தார். ஆண்டிஸ் மலைகளில், கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் வளர்ந்த அந்த வீரர்களுக்கு ஆல்ப்ஸ் ஏற்றம் பயம் தரவில்லை. அடுத்த மாதமே லூயிஸ் எரேரா அல்ப் துயேஸ் உச்சியில் கொலம்பியாவின் முதல் டூர் கட்ட வெற்றியைப் பெற்றார். அவரே 1988இலும் 1991இலும் டோஃபினேயை வென்றார். 2020இல் வென்ற தனியேல் மார்த்தினெஸும் கொலம்பியர்தான். ஒரு நாட்டின் மலை வீரர்கள் ஐரோப்பாவுக்குள் வந்த பாதை இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது.

பட்டியலில் ஓட்டைகளும் உண்டு, அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். 1983இல் முதலில் வந்த பஸ்கால் சிமோன் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் வெற்றி கிரெக் லெமோண்டுக்குப் போனது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 2002, 2003 வெற்றிகளும் லெவி லைப்ஹைமரின் 2006 வெற்றியும் பின்னாளில் ரத்தாகின. ஆனால் இந்த முறை இரண்டாவது வந்தவரை மேலே ஏற்றவில்லை, அந்த இடங்கள் காலியாகவே விடப்பட்டன. எது சரியான முறை? வெற்றிடத்தை விட்டு வைப்பதே நேர்மை என்று நான் நினைக்கிறேன். அந்தக் காலம் எப்படி இருந்தது என்பதை அந்த வெற்றிடமே சொல்லிவிடுகிறது.

ஆறாம் படி: ஒரு மலையை அளவுகோலாக வையுங்கள்

வெவ்வேறு காலத்து வீரர்களை ஒப்பிட ஆசை வரும். மொத்த நேரத்தை ஒப்பிடுவதில் பொருளில்லை, ஏனென்றால் ஆண்டுக்கு ஆண்டு பாதை மாறும். மலை மாறாது. பெதுவான் ஊரிலிருந்து வாந்தூ உச்சி வரை 21.6 கிலோமீட்டர், ஏறக்குறைய 1600 மீட்டர் உயர்வு. முதல் சில கிலோமீட்டர் திராட்சைத் தோட்டம், பிறகு மூச்சு முட்டும் காடு, கடைசியில் மரமே இல்லாத வெள்ளைக் கற்காடும் காற்றும். டோஃபினே சில ஆண்டுகளில் இதைத் தனிநேர ஓட்டமாகவே வைத்தது. 1999இல் ஜோனதன் வாட்டர்ஸ் 56 நிமிடம் 50 விநாடியில் ஏறினார். 2004இல் இபான் மாயோ 55 நிமிடம் 51 விநாடி. அன்று ஆம்ஸ்ட்ராங் ஏறக்குறைய இரண்டு நிமிடம் பின்தங்கினார், மாயோ பந்தயத்தையும் வென்றார். இந்த எண்களைக் குறித்து வையுங்கள், ஆனால் எச்சரிக்கையோடு. இந்த மலையில் காற்றின் திசை மாறினாலே நேரம் வெகுவாக மாறும். அந்த ஆண்டுகள் ஊக்கமருந்தின் நிழல் விழுந்த ஆண்டுகளும்கூட.

ஏழாம் படி: டூரோடு சேர்த்துப் படியுங்கள், ஆனால் ஒத்திகையாக மட்டும் அல்ல

இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றவர்கள் வரிசை பெரியது: 1955இல் லூயிசோன் போபே, பிறகு ஆங்க்தீல், மெர்க்ஸ், ஒகான்யா, தெவெனே, இனோ, இந்துராயின். நம் காலத்தில் விகின்ஸ், ஃப்ரூம், கெரைண்ட் தாமஸ், விங்கேகார், 2025இல் பொகாச்சர். அதனால் டோஃபினேயை டூருக்கான முன்னோட்டம் என்று மட்டும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

அந்தத் தொடர்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2011ஐவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அந்த ஆண்டு டோஃபினேயின் தனிநேர ஓட்டம் கிரெனோபிளில், 42.5 கிலோமீட்டர். டூரின் கடைசிக்கு முந்திய நாளிலும் அதே பாதை. ஆஸ்திரேலியரான கேடெல் எவன்ஸ் ஜூனில் அதை ஓடிப் பார்த்தார். டோஃபினேயில் விகின்ஸுக்குப் பின்னால் இரண்டாவது வந்தார். அது அவருக்கு நான்காவது இரண்டாமிடம். ஜூலையில் அதே சாலையில், முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியோடு இருந்த ஆண்டி ஷ்லெக்கை முந்தி டூரையே வென்றார். ஷ்லெக் ஜூனில் சுவிஸ் பந்தயத்துக்குப் போயிருந்தார். எவன்ஸ் டோஃபினேயை ஒருமுறைகூட வென்றதில்லை. அது அவருக்குத் தேவைப்படவும் இல்லை, பாதைதான் தேவைப்பட்டது.

மறுபக்கமும் உண்டு. 2019இல் ரொவானில் தனிநேர ஓட்டப் பாதையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஃப்ரூம் சுவரில் மோதித் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். நான்கு டூர் வென்றவரால் அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவே முடியவில்லை.

எட்டாம் படி: ஜூனில் பாருங்கள்

படித்தது போதும், நேரலைக்கு வாருங்கள். வழக்கமாக முதல் சில நாட்கள் மேடும் பள்ளமுமான சாலைகள், நடுவில் தனிநேர ஓட்டம், வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் உயர்ந்த மலைகள். நேரம் குறைவாக இருந்தால் நடுவில் வரும் தனிநேர ஓட்டத்தையும் கடைசி மூன்று நாளையும் பார்த்தால் போதும். ஜூனில் பிரான்சுக்கும் இந்தியா, இலங்கைக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், ஆகவே பிற்பகலில் முடியும் கட்டம் நமக்கு மாலையிலோ முன்னிரவிலோ வரும். காலையிலேயே கட்டத்தின் பக்கவாட்டுப் படத்தை எடுத்துக் கடைசி இரண்டு ஏற்றங்களின் நீளத்தையும் சரிவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலிடத்தில் இருப்பவரை மட்டும் பார்க்காதீர்கள். கடைசி ஏற்றத்துக்கு முன்னால் அவரோடு எத்தனை அணி வீரர்கள் மிச்சம் என்று எண்ணுங்கள். கொண்டடோர் 2014இல் தோற்றது அந்த எண்ணிக்கையில்தான். கடைசி நாள் ஓய்வாக இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். டூரின் கடைசி நாள் பெரும்பாலும் பாரிஸ் ஊர்வலம், இங்கே ஞாயிற்றுக்கிழமையும் மலைதான். 2024இல் ப்ரிமோஷ் ரோக்லிச் ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னிலையோடு அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தொடங்கினார். கடைசி ஏற்றத்தில் மேத்யூ யோர்கன்சன் விலகிப் போக, ரோக்லிச் முடிவுக் கோட்டைத் தொட்டபோது மிஞ்சியிருந்தது 8 விநாடி.